பலகையில் தாத்தாவின் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சவ அடக்கங்களைக் கவனிக்கும் லண்டன் நிறுவனம் 1789 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதாக, எலிசபெத் அரசி மறைந்த 2022ஆம் ஆண்டில் படித்தேன். அதன்பின் தேடிப் பார்த்தால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ‘நான்காம் தலைமுறை’, ‘ஐந்தாம் தலைமுறை’ என்று போட்டுக்கொள்ளாத சவ அடக்க நிறுவனமே இல்லைபோல இருக்கிறது. மருந்துக்கடை, துணிக்கடை எதிலும் இப்படிப் பார்த்ததில்லை. மூன்று சந்தேகங்கள். இது பிறப்பால் வந்த கட்டாயமா? அப்பா பிள்ளைக்கு அப்படி எதைக் கற்றுக்கொடுக்கிறார்? இந்தப் பெயர்ப்பலகைகளில் பல வெறும் பலகைதான், பின்னால் இருப்பது பெருநிறுவனம் என்கிறார் ஒரு நண்பர். அது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் இன்றைக்கும் சவ அடக்க நிறுவனம் தொடங்க உரிமம் வேண்டாம், பரீட்சை வேண்டாம். நாளைக் காலையில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் உரிமம் உண்டு. அதுவும் படித்துத் தேறுகிற எவருக்கும் கிடைப்பதுதான். ஆக, கதவு திறந்தே கிடக்கிறது. ஆனாலும் உள்ளே இருப்பவர்கள் அதே குடும்பத்தார். வெளியாருக்குத் தெரியாத தொழில் ரகசியம் ஏதோ இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் இரண்டாம் கேள்வியிலும் அந்த நினைப்பு தெரிகிறது. உண்மையில், தாத்தாவின் கைவேலை பேரனுக்குச் சோறு போட்டதே இல்லை என்பதுதான் இந்த வரலாற்றில் உள்ள வேடிக்கை. மரம், குதிரை, மருந்து, மோட்டார், நெருப்பு என்று பிழைப்பு மாறிக்கொண்டே வந்தது. பெயரும், ஒரு பேரேடும், நடுராத்திரியில் அடிக்கும் மணியும்தான் அப்படியே வந்தவை.

தொடக்கம் தச்சுப்பட்டறை. இறந்தவரைக் குளிப்பாட்டிக் கிடத்துவது அக்கம்பக்கத்துப் பெண்கள். குழி வெட்டுவது தேவாலயத்து ஆள். சுமப்பது உற்றார். காசு கொடுத்துச் செய்யச்சொல்லி வாங்கவேண்டிய ஒரே பொருள் பெட்டி. அதற்காக வீட்டுக்குள் வந்த தச்சர், வண்டி, கறுப்புத் துணி, சுமக்கும் ஆட்கள் என்று மற்றதையும் ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். ‘அண்டர்டேக்கர்’ என்ற சொல்லுக்கே ஒரு வேலையைப் பொறுப்பேற்றுச் செய்பவர், ஒப்பந்தக்காரர் என்றுதான் பொருள். பிணத்தோடு அது ஒட்டிக்கொண்ட பிறகு வேறெந்த ஒப்பந்தக்காரரும் அந்தப் பெயரைத் தொடவில்லை. பிறகு இவர்களுக்கே அது பிடிக்காமல் போனது. 1895ல் அமெரிக்கத் தொழில் இதழ் ஒன்று ‘மார்ட்டிஷியன்’ என்றொரு சொல்லை உண்டாக்கியது. பிரிட்டனில் 1905ல் அண்டர்டேக்கர்கள் சங்கமாகத் தொடங்கியது 1935ல் ‘ஃப்யூனரல் டைரக்டர்கள்’ சங்கமாயிற்று. நீங்கள் குறிப்பிடும் 1789 நிறுவனம் லெவர்ட்டன் குடும்பத்துடையது; அதன் முதல் ஆளும் தச்சர்தான்.

அந்தப் பெட்டியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பத்துப் பெட்டி எல்ம் மரத்தில் செய்தது. எல்மின் ரேகைகள் ஒன்றோடொன்று பின்னி ஓடுபவை. விளிம்பில் ஆணி அடித்தாலும் பிளக்காது, ஈரத்திலும் சீக்கிரம் மக்காது. தச்சர் மடக்கு அளவுகோலோடு போய் இரண்டே அளவு எடுப்பார். உச்சி முதல் பாதம் வரை நீளம், தோளில் அகலம். நீளத்தோடு 2 அங்குலம் கூட்டிக்கொள்வார். இன்றும் பெட்டியின் அளவை ‘6 அடி 2, 22’ என்றுதான் எழுதுகிறார்கள்; 22 என்பது தோளிடத்து அங்குலம். முதலில் அடிப்பலகை. தலைப்பக்கம் குறுகி, தோளில் விரிந்து, பாதத்தை நோக்கி மறுபடி குறுகும் அந்த வடிவத்தை அறுத்தபின் மற்றதெல்லாம் அதை ஒட்டியே போகும். சிரமம் பக்கப்பலகையில். முக்கால் அங்குலக் கனமுள்ள பலகை, துண்டு போடாமல், தோளில் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தின் உட்புறத்தில் ஐந்தாறு ரம்பக் கீறல்கள் நெருக்கமாகப் போடுவார். வெளிப்பக்கத் தோல்போல எட்டில் ஒரு பங்கு அங்குலம் மட்டும் மிஞ்ச வேண்டும். அதில் கொதிநீர் ஊற்றிச் சற்றுப் பொறுத்து, மெல்ல வளைத்து, அடிப்பலகையில் ஆணியடித்து நிறுத்துவார்.

கீறல் ஆழமாகிவிட்டால் தோளில் பலகை முறியும். ஆழம் போதாவிட்டால் வளையும்போது வெளிப்புறம் சிலும்பும். எண்ணிக்கை குறைந்தால் வளைவு வழவழவென்று வராமல் பட்டைபட்டையாகத் தெரியும். பச்சை மரமாக இருந்தால் அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். உடல் வீட்டில் ஐந்தாறு நாள் கிடக்கும்போது மரம் காய்ந்து சுருங்கி மூட்டு விட்டுவிடும். அதனால்தான் உள்ளே உருக்கிய தாரை ஊற்றி மூலைமூலையாகச் சுற்றிவிடுவது, அடியில் மரத்தூளைப் பரப்பி அதன்மேல் துணி விரிப்பது. கசிவை உறிஞ்ச அதைவிட மலிவான பொருள் பட்டறையில் கிடையாது.

இந்தக் கைப்பழக்கம் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்ததுதான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மொத்த வியாபாரிகள் அறுத்துத் தயாராக வைத்த பலகைகளைத் தொகுதியாக விற்கத் தொடங்கிவிட்டார்கள். 1970களில் நோய் விழுந்து பிரிட்டனின் எல்ம் மரங்கள் கோடிக்கணக்கில் பட்டுப்போயின. இன்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சிப்போர்டு மேல் மெல்லிய ஓக் வெனீர் ஒட்டியது. தொழிற்சாலையிலிருந்து வருகிறது.

தச்சர் நிலையிலிருந்து எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவின் பேன்டிங் குடும்பம் நல்ல உதாரணம். அடிப்படையில் அவர்கள் உயர்ரக மரச்சாமான் செய்பவர்கள். 1820ல் மூன்றாம் ஜார்ஜ், 1861ல் இளவரசர் ஆல்பர்ட், 1901ல் விக்டோரியா, 1910ல் ஏழாம் எட்வர்ட் என்று அரண்மனை அடக்கங்கள் அவர்கள் கையிலேயே இருந்தன. அரசர்களுக்கான பெட்டி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று: உள்ளே மரம், நடுவில் ஈயம், வெளியே வெல்வெட் போர்த்திய மரம். மண்ணில் புதைக்காமல் நிலவறையில் வைப்பதால் காற்று புகாதபடி ஈயத்தகட்டைப் பற்றவைத்து மூட வேண்டும். பற்று சரியில்லையென்றால் நாற்றம் வரும். மிகச் சரியாக இருந்தால் இன்னொரு தொல்லை, உள்ளே வாயு சேர்ந்து ஈயம் உப்பும். அந்தக் காலத்து நிலவறைக் காவலர்கள் துளை போட்டு வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி அடைப்பது உண்டு. ஈயப்பெட்டி கால் டன் கனக்கும் என்பதால்தான் அரச அடக்கங்களில் எட்டுச் சிப்பாய்கள் தோள் கொடுக்கிறார்கள். அது வெறும் அணிவகுப்பு அழகு அல்ல.

1852ல் வெலிங்டன் கோமகனின் அடக்கமும் பேன்டிங் ஏற்பாடுதான். அதற்கென வார்த்த வெண்கல வண்டி சுமார் 12 டன், பன்னிரண்டு குதிரைகள். வழியில் சேற்றில் சிக்கிக்கொண்டது, தேவாலய வாசலில் பெட்டியை இறக்கும் பொறியும் ஒத்துழைக்கவில்லை. இந்தக் குடும்பத்து வில்லியம் பேன்டிங்தான், 1863ல், மாவும் சர்க்கரையும் குறைத்துத் தான் உடல் இளைத்த விதத்தைச் சிறு வெளியீடாகப் போட்டவர். சுவீடன் மொழியில் பத்தியம் இருந்து இளைப்பதற்கு இன்றும் ‘பன்டா’ என்றுதான் சொல். ஒரு நூற்றாண்டுக்கு மேல் மன்னர்களை அடக்கம் செய்த குடும்பத்தின் பெயர் கடைசியில் தொப்பையோடு சேர்ந்து நிலைத்தது. 1928ல் குடும்பத்தின் கடைசி ஆள் ஓய்வு பெற்றதும் அரண்மனை உரிமை முடிந்தது. ஐந்து தலைமுறைத் தொழிலும் ஒரே ஒரு ஓய்வில் நின்றுபோகலாம்.

குதிரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் கறுப்பு ஃப்ளெமிஷ் குதிரைகள் வைத்துக் கட்டுபடியாகும் வசதி சிலருக்கே இருந்தது. சிறியவர்கள் அவர்களிடம் வண்டியும் குதிரையும் வாடகைக்கு எடுத்தார்கள். முதல் உலகப்போரில் ராணுவம் குதிரைகளைப் பிடித்துக்கொண்டது, திரும்பிவந்த உலகத்தில் மோட்டார் இருந்தது. அமெரிக்காவில் 1909லேயே மோட்டார் அமரர் ஊர்தி வந்தாயிற்று. அங்கே அது வேறொரு வேலையையும் இழுத்துவந்தது. ஊரில் ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீளமுள்ள ஒரே வண்டி அதுதான் என்பதால் விபத்து நடந்தாலும் அவர்களையே கூப்பிட்டார்கள். 1966ல் வந்த தேசிய அறிவியல் கழக அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியைச் சவ அடக்கக்காரர்கள் 12,000 பேர் நடத்துவதாகச் சொல்கிறது. ஒரே வண்டி, கூரையில் சிவப்பு விளக்கை மாட்டினால் ஆம்புலன்ஸ், கழற்றினால் அமரர் ஊர்தி. பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் லாபம் என்ற பழிச்சொல் வராமல் இருக்குமா? உண்மையில் ஆம்புலன்ஸில் அவர்களுக்குப் பெரும்பாலும் நட்டமே. பெயர் நாலு பேர் வாயில் இருக்கட்டும் என்று செய்தார்கள். 1970களில் பயிற்சி பெற்ற ஆள், கருவி என்று விதிகள் இறுகியதும் விட்டுவிட்டார்கள்.

அமெரிக்கக் குடும்பங்களைத் தச்சுப்பட்டறையிலிருந்து தூக்கி நிறுத்தியது எம்பாமிங், அதாவது உடல் கெடாமல் திரவம் ஏற்றிப் பதப்படுத்துவது. அதுவரை பனிக்கட்டிதான், பிரம்பு பின்னிய பலகையில் உடல், அடியில் பனிக்கட்டித் தொட்டி. 1861ல் உள்நாட்டுப் போர் தொடங்கிய சில வாரங்களில் வடக்குப் படையின் கர்னல் எல்ஸ்வொர்த் சுடப்பட்டார். அவர் உடலைப் பதப்படுத்தியவர் தாமஸ் ஹோம்ஸ் என்ற மருத்துவர். தெற்கே செத்த பிள்ளையின் முகத்தை வடக்கே இருக்கும் தாய் பார்க்கலாம் என்றானது. 1865ல் லிங்கனின் உடல் வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை சுமார் 1,650 மைல் ரயிலில் போனது. லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். எம்பாமிங்குக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் யாரும் கொடுத்திருக்க முடியாது. போருக்குப்பின் திரவம் விற்க வந்த கம்பெனி ஆளே ஊர் ஊராகப் போய், மரச்சாமான் கடைக்காரரின் மகனுக்கு இரண்டு மூன்று நாள் வகுப்பெடுத்து, சான்றிதழும் கையில் கொடுத்தார். திரவத்தில் ஆர்சனிக் இருந்தது. விஷம் வைத்துக் கொன்ற வழக்குகளில் ஆர்சனிக் யார் வைத்தது, கொலைகாரனா எம்பாமரா என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாமல் போனதால் மாநிலங்கள் அதைத் தடைசெய்தன. அந்த இடத்துக்கு ஃபார்மலின், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர், வந்தது.

வேலை எளிமையாகத் தோன்றும். உடலைக் கழுவி, கை கால்களை மடக்கி நீவி விறைப்பை எடுத்து, கண்ணையும் வாயையும் முதலில் பொருத்திவிட வேண்டும். திரவம் ஏறித் தசை இறுகியபின் முகபாவத்தை மாற்ற முடியாது. வலப்பக்கக் காறை எலும்புக்கு மேல் சிறு வெட்டு. கழுத்துத் தமனியில் குழாய் வைத்துத் திரவம் உள்ளே, பக்கத்துச் சிரை வழியாக ரத்தம் வெளியே. 50 பவுண்டு எடைக்கு ஒரு கேலன் என்பது பொதுக்கணக்கு. வளர்ந்த உடலுக்கு மூன்று, நான்கு கேலன். பிறகு தொப்புளிலிருந்து 2 அங்குலம் இடது, 2 அங்குலம் மேலே ட்ரோகார் என்ற நீளக் குழல்ஊசியை இறக்கி, உள்ளுறுப்புகளில் உள்ளதை உறிஞ்சியெடுத்து, வீரியமான திரவத்தை விடுவார்கள்.

கெடுவது எல்லாம் அவசரத்திலும் அளவிலும்தான். அழுத்தம் கூடினால் முகம் வீங்கும், கண்ணிமை முதலில் காட்டிக்கொடுக்கும். வீரியம் கூடினால் நுண்குழாய்கள் சட்டென்று இறுகி அடைத்துக்கொள்ளும். தோல் சாம்பல் பூத்து நிற்கும், உள்ளே திரவமே போயிருக்காது. ரத்தம் உறைந்து அடைத்த இடத்தில் விரல்கள் வெளிறியே இருக்கும். திரவத்தில் சிவப்புச் சாயம் கலப்பது அழகுக்காக மட்டும் அல்ல, எங்கே போய்ச் சேரவில்லை என்று கண்ணால் பார்க்கவும்தான். அந்தக் கைக்கு மணிக்கட்டில் தனியாக ஏற்ற வேண்டும். கற்றுக்குட்டி மறக்கவே மாட்டான் என்று சொல்லத்தக்கது மஞ்சள் காமாலை. பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறி மஞ்சளித்த உடலில் வழக்கமான ஃபார்மலின் திரவத்தை ஏற்றினால் அது பிலிவெர்டின் என்ற பச்சை நிறமியாக மாறும். மஞ்சளாக இருந்தவர் சில மணி நேரத்தில் பச்சையாகிவிடுவார். பின்னர் பூச்சினால் மறைப்பதைத் தவிர வழியில்லை. அதற்கென ஃபார்மால்டிஹைடு குறைத்த தனித் திரவம் உண்டு.

இனி உங்கள் கேள்வி. பிள்ளைக்கு என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? எம்பாமிங் கல்லூரியில் கிடைக்கிறது. வீட்டில் கிடைப்பது வேறு. அமெரிக்கச் சிறு நகரங்களில் கீழே நிறுவனம், மாடியில் குடும்பம் என்பதுதான் பல காலம் வழக்கம். கீழே ஆட்கள் வந்திருக்கும்போது மாடியில் ஓடக்கூடாது, வெங்காயம் வதக்கக்கூடாது. தொலைபேசியைக் குழந்தையும் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்தாலும் தூங்கி எழுந்த குரல் தெரியக்கூடாது. முதலில் பெயரும் கூப்பிடும் எண்ணும். லைன் போனால் திரும்பக் கூப்பிடலாம். அப்புறம் வீடா ஆஸ்பத்திரியா, மருத்துவர் பார்த்துவிட்டாரா, எத்தனையாவது மாடி, படிக்கட்டு திரும்புகிறதா, ஆள் கனமா. கடைசிக் கேள்விதான் கேட்கக் கூச்சமானது, ஆனால் இரண்டு பேர் போவதா நான்கு பேர் போவதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. படியில் இறக்கும்போது பாதம் முன்னே, தலை மேலே. மாற்றிப் பிடித்தால் வயிற்றில் உள்ளது வாய் வழியாக வரும், அதுவும் மகள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது. கணுக்காலில் பெயர்ப்பட்டையை வீட்டிலேயே கட்டிவிட வேண்டும், வண்டியில் ஏற்றியபின் அல்ல. மோதிரம், சங்கிலி எல்லாம் குடும்பத்தார் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து. இந்தத் தொழிலில் மன்னிப்பே இல்லாத தவறு ஆள் மாறிப்போவது. புதைத்ததைத் தோண்டலாம், எரித்ததை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது பேரேடு. பழைய நிறுவனங்களில் ஒவ்வொரு அடக்கத்துக்கும் ஒரு பக்கம் இருக்கும்: அளவு, மரம், பெயர்த்தகட்டில் எழுதிய வாசகம், எத்தனை வண்டி, எத்தனை ஆள், கல்லறை எண், யார் பணம் கட்டினார்கள், யார் இன்னும் கட்டவில்லை. இருபது வருடம் கழித்து அந்தக் குடும்பத்தில் இன்னொரு சாவு. ‘உங்கள் அப்பாவுக்கு ஓக் பெட்டி, மேற்கு வரிசையில் அந்தக் கல்லறையில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது’ என்று சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர்தான். ஒருவர் வாழ்நாளில் இரண்டு மூன்று முறைதான் இந்தச் சேவையை வாங்குகிறார். விலை கேட்டு நாலு கடை ஏறி இறங்கும் மனநிலையும் அப்போது இல்லை. போனமுறை யார் செய்தார்களோ அவர்களையே கூப்பிடுகிறார். மருந்துக்கடையிலும் துணிக்கடையிலும் நீங்கள் காணாத வித்தியாசம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புதிதாகப் பலகை மாட்டியவருக்குத் தடை சட்டத்தில் இல்லை. அந்தப் பேரேடு அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கக் கறுப்பினக் குடும்ப நிறுவனங்கள் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. வெள்ளையர் நிறுவனங்கள் அவர்கள் உடலைத் தொட மறுத்தன, அல்லது பின்வாசல் வழியாக வாங்கின. அந்த அவமானம் ஒரு சந்தையையும் விட்டுவைத்தது. வாரச் சந்தா வாங்கும் அடக்கச் சங்கங்கள் அதற்கு மூலதனம் தந்தன. அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஏ. ஜி. காஸ்டன் 1923ல் அப்படியொரு சங்கத்தில் தொடங்கி இன்சூரன்ஸ், விடுதி, வங்கி என்று வளர்ந்தார். 1963ல் கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்தில் சிறைப்பட்டவர்களுக்குப் பிணைப்பணம் கட்டினார். வாடிக்கையாளர் அனைவரும் கறுப்பினத்தவர் என்பதால் வேலையைப் பறிப்போம் என்று எந்த வெள்ளை முதலாளியும் அவரை மிரட்ட முடியாது. 1955ல் வெள்ளையர் அடித்துக் கொன்ற கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் உடல் மிசிசிப்பியிலிருந்து மூடி முத்திரையிட்ட பெட்டியில் சிகாகோ வந்தபோது, தாய் சொன்னபடி அதைத் திறந்து ஊர் பார்க்க வைத்ததும் இப்படியான ஒரு நிறுவனமே.

எல்லோரையும் அசைத்தது நெருப்பு. இங்கிலாந்தில் முதல் அதிகாரபூர்வத் தகனம் வோக்கிங்கில் 1885 மார்ச் 26 அன்று. தகனச் சட்டம் 1902. கத்தோலிக்கத் திருச்சபை 1963ல் தடையைத் தளர்த்தியது. 1960களின் முடிவில் பிரிட்டனில் எரிப்பது புதைப்பதை முந்தியது, அமெரிக்காவில் 2016ல் பாதியைத் தாண்டியது. உலையின் வெப்பம் 760 முதல் 980 டிகிரி செல்சியஸ், ஒன்றரை, இரண்டு மணி நேரம், மிஞ்சுவது 2, 3 கிலோ எலும்பு. அதை அரைத்துத்தான் ‘சாம்பல்’ என்று கொடுக்கிறார்கள். முன்கூட்டியே பேஸ்மேக்கரை எடுக்காவிட்டால் பேட்டரி வெடித்து உலைச் செங்கல் பெயரும். கைப்பிடி உலோகம் கூடாது என்பதால் பித்தளைபோல் பூசிய பிளாஸ்டிக் வந்தது. எரியப்போகும் பெட்டிக்கு யார் தேக்கும் வெண்கலமும் கேட்பார்கள்?

வருமானம் அங்கேதான் உடைந்தது. அமெரிக்காவில் நெடுங்காலம் பெட்டியின் விலைக்குள்ளேயே வண்டி, மண்டபம், எம்பாமிங், கூலி எல்லாம் அடக்கம். பெட்டியை வாங்கிய விலையைப் பல மடங்காக்கிச் சொல்வார்கள். 1984ல் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி அமலுக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதிய பட்டியலைக் கேட்பவர் கையில் கொடுக்க வேண்டும், நேரடித் தகனத்துக்குப் பெட்டி வாங்கச் சொல்லக்கூடாது என்றது. 1994ல், வேறிடத்தில் வாங்கிவந்த பெட்டிக்குக் கையாளும் கட்டணம் போடுவதும் தடையாயிற்று. பெட்டியில் மறைந்திருந்த லாபம் ‘அடிப்படைச் சேவைக் கட்டணம்’ என்ற வரிக்கு நகர்ந்தது. வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரே வரி அது. விதியைக் குறைசொல்லமாட்டேன். மடங்குக் கணக்கில் மூன்று தலைமுறை வசதியாக இருந்தவர்களுக்கு அது வலித்தது நியாயமே.

உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை நிறைய. வாரத்துக்கு இரண்டு அடக்கம் நடத்தும் நிறுவனத்தின் ஊர்தி ஐந்து நாள் சும்மா நிற்கிறது. பக்கத்துப் பக்கத்தில் ஆறு நிறுவனங்களை வாங்கி, ஒரே பிணவறை, ஒரே வண்டிக்கூடம், சுழற்சியில் ஆட்கள் என்று வைத்தால் அந்தச் செலவு மிச்சம். ராபர்ட் வால்ட்ரிப் 1962ல் ஹூஸ்டனில் தொடங்கிய சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல் இந்தக் கணக்கில்தான் வளர்ந்தது. அவரும் சவ அடக்கக் குடும்பத்துப் பிள்ளை. கனடாவின் ரே லோவன் அதேபோல் அப்பாவின் நிறுவனத்திலிருந்து கிளம்பியவர். வாங்கப் போகிறவருக்கு வீட்டு நிலவரம் தெரியும். மூன்று பிள்ளைகளில் ஒருவர் தொழிலில், இருவர் வெளியூரில். அப்பாவுக்கு எழுபது வயது. வெளியூர்க்காரர்களுக்குப் பங்கு பணமாக வேண்டும். ஊரில் நிறுவனத்தை நடத்துகிற பிள்ளையிடம் அந்தப் பணம் இல்லை. அப்போது ஒருவர் வந்து, பலகை அப்படியே இருக்கட்டும், நீங்களே மேலாளராக இருங்கள், பேரேட்டை மட்டும் கொடுங்கள் என்கிறார். கூடவே சில வருடத்துக்கு அந்த வட்டாரத்தில் சொந்தப் பெயரில் தொழில் செய்யமாட்டேன் என்று கையெழுத்து. தாத்தாவின் பெயரைப் பேரன் பயன்படுத்தக்கூடாது, வாங்கியவர் பயன்படுத்தலாம்.

இந்த வாங்கல் வெறி எப்போதும் நன்றாக முடியவில்லை. மிசிசிப்பியில் ஜெரமையா ஓ'கீஃப் என்ற குடும்பத் தொழில்காரர் தொடுத்த வழக்கில் 1995ல் ஜூரி லோவன் குழுமத்துக்கு 50 கோடி டாலர் தண்டம் போட்டது. அடுத்த ஆண்டு 17.5 கோடியில் சமாதானம் ஆயிற்று. 1999ல் லோவன் திவால் பாதுகாப்பு கேட்டது, மிச்சம் இருந்தது 2006ல் வால்ட்ரிப்பின் நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது. அதே நிறுவனம் 1994ல் பிரிட்டனிலும் இரண்டு பெரிய தொடர்களை வாங்கியது. 2002ல் அங்கிருந்த மேலாளர்கள் அவற்றைத் தாமே எடுத்துக்கொண்டு டிக்னிட்டி என்ற பெயரில் நடத்தினார்கள். இத்தனை கைமாற்றத்திலும் பெரும்பாலான கிளைகளின் முகப்பில் பழைய குடும்பத்தின் பெயர் அப்படியே இருந்தது.

அப்படியானால் ஒரு பலகை உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? பிரிட்டனில் 2021 முதல் வழியிருக்கிறது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையத்தின் உத்தரவுப்படி, நிலையான வடிவத்தில் விலைப்பட்டியலைக் கடையிலும் இணையதளத்திலும் வைக்க வேண்டும். நிறுவனத்தின் இறுதி உரிமையாளர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். முகப்பில் பொன்னெழுத்தில் ‘அண்ட் சன்ஸ்’ இருக்கும். உரிமையாளர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். நீங்கள் சொன்ன 1789 குடும்பத்தில் இரண்டும் ஒரே பெயர்.